‘பெரிய மனுசன் ஆயிட்டியோ?’

சங்கரன்கோவிலில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் தெரு முழுக்க ஒரே சொல்தான்: “பெரிய மனுசி ஆயிட்டா.” சொல்கிறவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு வருவார், மண்டபம் பிடிப்பார்கள், தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறும். அதே வீட்டில் அவளுடைய அண்ணன், பதினாறு வயது, அப்பா சொன்ன எதற்கோ ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டால் அதே சொல் வேறு குரலில் வந்து விழும்: “என்னலே, பெரிய மனுசன் ஆயிட்டியோ?”

அவளுக்கு வாழ்த்து, அவனுக்கு வசவு. அந்த வாழ்த்தும் நீடிப்பதில்லை. சடங்கு முடிந்த பத்தாம் நாள் தோழிகளோடு வாசலில் நின்று அவள் சத்தமாகச் சிரித்தால், “நீ என்ன சின்னப் புள்ளையா?” என்பார்கள். இரண்டு வருடம் கழித்து, பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்ற பேச்சில் வாயைத் திறந்தால், “சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்?” என்பார்கள். எந்த நேரத்தில் அவள் பெரியவள், எந்த நேரத்தில் சின்னவள் என்பதை முடிவு செய்கிறவள் அவள் அல்ல.

தமிழுக்கு இந்த வயது புதிதல்ல. பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்த பழைய கணக்கில் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று நான்கு பருவங்கள் பத்தொன்பது வயதுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஓரிரு ஆண்டு இடைவெளியில்கூட ஒருத்தி வேறொருத்தி ஆகிறாள் என்று அந்தக் கணக்குப் போட்டவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆண் பருவங்களில் வரும் ‘விடலை’ சங்கப் பாடல்களில் வீரமுள்ள இளைஞனுக்கான பெயர். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் புகாரோடுதான் வாயில் வருகிறது. அரசு ஆவணங்கள் ‘வளரிளம் பருவம்’ என்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் 25 கோடிக்கு மேல். இத்தனை பேரைப் பற்றி நாம் தினமும் பேசுகிறோம். அந்தப் பேச்சில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளையின் கையில் இருப்பதைப் பார்க்கிறோம். அதை அந்தக் கையில் வைத்தது யார் என்று பார்ப்பதில்லை.

முதலில் தூக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். காலை வேளையில் அதிகமான வீடுகளில் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். பல தெருக்களில் விடியற்காலையிலேயே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சேலையும் துண்டும் லுங்கியும் ஓடுகிற அந்த வீடுகளில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. ஆண்கள் தறி ஓட்டினால், பெண்கள் தார் சுற்றுவார்கள். பாவு தீர்ந்தால் ஏற்ற ஒருவர், இழை அறுந்தால் பிணைக்க ஒருவர். கூலி நெய்த அளவுக்குத்தான். நின்ற நேரத்துக்குக் காசு கிடையாது. இப்படி ஒரு வீட்டில், காலை ஏழு மணிக்கும் பாயைச் சுருட்டாமல் கிடக்கும் பத்தாம் வகுப்புப் பையன் அப்பாவின் கண்ணுக்கு எப்படித் தெரிவான்? தறி முன்னால் நின்றே தேய்ந்த கால்களுக்கு, நீட்டிப் படுத்திருக்கும் கால் சோம்பேறியின் கால்தான்.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் பல பத்தாண்டுகளாக இந்த வயதினரின் தூக்கத்தை ஆராய்ந்தவர். பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போகிறது என்பது அவர் வேலையில் தெளிவான செய்தி. தூக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் என்ற சுரப்பு சிறுவயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குக் கண் சொக்கிய பிள்ளைக்குப் பதினான்கு வயதில் பதினொரு மணிக்கும் தூக்கம் பிடிக்காது. கைபேசி இதை இன்னும் தள்ளுகிறது, உண்மைதான். ஆனால் கைபேசி எல்லார் கைக்கும் வருவதற்கு முன்பே, 1990களிலேயே பதிவான மாற்றம் இது.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி. பொதுத்தேர்வு எழுதும் பையன் ஒருவனின் நாளைப் பாருங்கள். ராத்திரி படித்துவிட்டுப் படுக்கப் பதினொன்றரை. காலையில் பள்ளி தொடங்கும் முன்னே ஸ்பெஷல் கிளாஸ், அதற்கும் முன்னே டியூஷன், அதற்காக ஐந்தரைக்கு எழுப்பல். கணக்குப் போட்டால் ஆறு மணி நேரம். ஆறு நாளும் தூக்கத்தைக் கடன் வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை படுத்து அதில் கொஞ்சம் அடைக்கிறான். அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் வீடு அவனுக்குப் பெயர் வைக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் இதைச் சட்டத்தாலேயே எதிர்கொண்டது. 2022 ஜூலை முதல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது. நம் ஊரில் பள்ளி எட்டரைக்குத் தொடங்குகிறதா ஒன்பதுக்கா என்பதைவிட, அதற்கு முன்னால் நாமே சேர்த்துவைக்கும் இரண்டு மணி நேரம்தான் கேள்விக்குரியது.

அடுத்தது கோபம். இல்லை, பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் பல வீடுகளில் வினையாகிறது.

1990களின் இறுதியில் பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில் டெபோரா யர்கலன்-டாட் ஒரு சோதனை நடத்தினார். பயந்த மனிதர்களின் முகப் படங்களைக் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டார். பெரியவர்கள் பயம் என்று சரியாகச் சொன்னார்கள். பதின்பருவத்தினரில் பலர் அதிர்ச்சி என்றார்கள், குழப்பம் என்றார்கள், கோபம் என்றார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் நம் வீட்டு நடையைத் தெரிந்தவர்களுக்கு அது உறைக்கும். ராத்திரி ஒன்பதரை ஆகியும் பையன் வரவில்லை என்றால் அப்பா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புகிறார். வயிறு கலங்குகிறது. கழுகுமலை ரோட்டில் ஏதோ விபத்தாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அவ்வளவுதான். பையன் தெருமுனையில் தெரிந்ததும் அந்தப் பயம் முழுக்க என்ன உருவத்தில் வெளியே வருகிறது? “எங்கலே போய்த் தொலைஞ்ச?” சில வீடுகளில் கையும் நீளும்.

பயந்த முகத்தையே கோபமாகப் படிக்கக்கூடிய வயது அது. அதன் எதிரில் நாம் பயத்தைக் கோபமாகவே மாற்றி நிறுத்துகிறோம். அப்பா தனக்காக ஒரு மணி நேரம் நடுங்கினார் என்ற செய்தி மகனுக்குப் போய்ச் சேருவதே இல்லை. மகனும் சும்மா இல்லை. அவனுடைய பயம் மௌனமாக வெளியே வருகிறது. மதிப்பெண் குறைந்த நாளிலும், பள்ளியில் ஒருவன் மிரட்டிய நாளிலும் அவன் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிறான். “திமிரு” என்று வீடு அதற்குப் பொருள் எழுதிக்கொள்கிறது.

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் தலைமையிலான குழு, பிள்ளைகளின் மூளையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து 1999இல் முடிவுகளை வெளியிட்டது. முன்மூளையின் சாம்பல் நிறப் பகுதி பன்னிரண்டு வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு பதின்பருவம் முழுக்கக் கழித்துச் செதுக்கப்படுகிறது. திட்டமிடுவது, பொறுத்துச் செய்வது, பின்விளைவை எடைபோடுவது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். இந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது சிலர் கையில் புதுப் பிரம்பாகிவிட்டது: “உனக்கு இன்னும் மூளையே வளரலை.” ஆராய்ச்சியாளர்கள் சொன்னது அதுவல்ல. பிரிட்டனில் இதே துறையில் பெயர்பெற்ற சாரா-ஜேன் பிளேக்மோர், இந்த வயதின் மூளை பழுதான மூளை அல்ல, சூழலிடமிருந்து மிக வேகமாகக் கற்றுக்கொள்கிற மூளை என்று வலியுறுத்தி வருகிறார். அப்படியென்றால் சூழல் என்ன கற்றுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வண்டியைப் பார்ப்போம். பைக்கில் மூன்று பேர் பறந்தால் ஊரே திட்டுகிறது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடியபோது காட்டியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்பருவத்தினர் அதிக ஆபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. எனவே ‘அறிவு கெட்டவன்’ என்ற வசவு குறி தவறுகிறது. தனியாக இருக்கும்போது அவனுக்கு அந்த அறிவு இருக்கிறது. நண்பர்கள் பின்னால் உட்கார்ந்ததும் கணக்கு மாறுகிறது. அந்தப் பைக்கின் சாவியோ, ஊடை நூல் வாங்கிவர, மளிகை எடுத்துவர என்று பதினைந்து வயதிலேயே வீட்டில் கொடுத்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். சாவி எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்கிறது.

கைபேசியின் கதையும் இதேதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வட்டிக்கு வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைக்கு ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அறைக்குள் உட்கார்ந்து அதையே பார் என்று சொன்னோம். பள்ளி திறந்ததும் அதே ஃபோனைப் பார்த்தால் கண் கெட்டது, புத்தி கெட்டது என்றோம். நடுவே போன ஒன்றரை ஆண்டில் அவர்களுக்கு விளையாட்டுத் திடல், நண்பர்கள், திருவிழா எல்லாமே அந்தச் சிறு திரைக்குள் குடியேறியிருந்தன.

கையில் இருப்பது கயிறாக இருந்தால்?

தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி அதிகாரிகளும் ஆசிரியர்களும் பல ஆண்டுகளாகக் கவலைப்பட்டு வந்தார்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த ஒரு பட்டியல் சாதி மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவனோடு படித்த பள்ளி மாணவர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை சங்கரன்கோவிலும் அதே திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தச் செய்தி இங்கே யாருக்கும் தூரத்துச் செய்தியாக இல்லை.

அந்த நாளுக்கு முன்னால் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அந்த மாணவன் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. படிப்பை விட்டு வேலைக்குப் போகிறேன் என்ற மனநிலையில் இருந்தான். எந்தத் தெருவிலும் இதற்கு நாம் உடனே சொல்லும் விளக்கம், ‘படிப்பு ஏறலை, சம்பாதிக்க ஆசை வந்துட்டு’ என்பதுதான். பள்ளியிலிருந்து ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் உடன் படித்த சிலரின் தொடர் துன்புறுத்தல் வெளியே வந்தது. புகார் எழுதிக் கொடுத்தான். அன்றிரவே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிறகு மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே, சொல்வதை எழுத ஒருவரை வைத்துக் காலாண்டுத் தேர்வு எழுதினான். 2024 மே மாதம் பிளஸ் டூ முடிவில் அவன் பெற்றது 600க்கு 469. படிப்பு ஏறாத பையனின் மதிப்பெண் அல்ல அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுவும் பிள்ளைகளின் பக்கம்தான். அரிவாளைத் தூக்கியவர்களுக்கும் பதினெட்டு வயது ஆகவில்லை. அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஆனால் யாரோடு பழக வேண்டும், யாரைத் தொடக் கூடாது என்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் கேட்கிறான். ஊர்க்கூட்டத்தில், சாதிச் சங்கத்தின் ஃப்ளெக்ஸில், விழா நாளில் வேனில் ஒலிக்கும் பாட்டில் கேட்கிறான். மிக வேகமாகக் கற்கும் வயதில் அதைத்தான் நாம் பாடமாக வைத்தோம். அந்தப் பாடத்தை அவன் ஒப்பித்த பிறகு, ‘இந்தக் காலத்துப் பசங்களே கெட்டுப் போயிட்டாங்க’ என்று கையைக் கழுவிக்கொள்கிறோம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கை அளித்தார். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்ற பரிந்துரை ஊடகங்களில் பெரிதாக வந்தது. விவாதமும் அதைச் சுற்றியே நடந்தது. ஆனால் அறிக்கை பெரியவர்களைப் பற்றியும் நிறையப் பேசுகிறது. பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி அடைமொழிகளை நீக்குவது, ஆசிரியர்களை ஒரே இடத்தில் வேரூன்றவிடாமல் இடமாற்றம் செய்வது, மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிப்பது போன்றவை அதில் உண்டு. மணிக்கட்டைச் சோதிப்பது சுலபம், ஒரு கத்தரிக்கோல் போதும். பள்ளியின் பெயர்ப் பலகையை மாற்றப் பெரியவர்கள் தங்களுக்குள் சண்டை போட வேண்டியிருக்கும்.

பெண்பிள்ளைகள் பக்கம் வருவோம். அவர்களைப் பற்றிய தவறான புரிதல் சத்தமில்லாதது. ‘எம்புள்ள இருக்க இடமே தெரியாது’ என்று ஒரு தாய் பெருமையாகச் சொன்னால் அதைப் பாராட்டாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். இருக்கும் இடம் தெரியாமல் ஒரு பதினாலு வயதுப் பெண் இருக்கிறாள் என்றால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்ததாக அது கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். அந்த மூவரில் ஒருத்தி ‘அமைதியான புள்ள’ என்று பெயர் வாங்கியவளாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தொகை சிறிதுதான். ஆனால் அது அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. சீரும் மண்டபமும் இல்லாமல் ‘பெரிய மனுசி’ என்று அவளை ஒருவர் நம்பியதற்கு அது எழுத்துப்பூர்வமான சாட்சி.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் இந்த வயதைப் பற்றிப் பேச முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் மேல்வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் முடிவு வரும் நாளில், ‘பிள்ளைகளுக்குத் தாங்கும் மனசு இல்லை’ என்று பேட்டிகள் வருகின்றன. சென்னையில் 1986இல் ‘ஸ்நேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் வேறொன்றைச் சுட்டிக்காட்டி வருகிறார். தோற்ற மாணவர் ஓராண்டை இழக்காமல், சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் மேலே படிக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்த பிறகு, தேர்வுத் தோல்வியை ஒட்டிய மரணங்கள் குறைந்தன என்கிறார் அவர். பிள்ளைகளின் மனசு ஒரே வருடத்தில் இரும்பாகிவிடவில்லை. பெரியவர்கள் ஒரு தேதியை மாற்றினார்கள். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியதும் அப்படி ஒரு மாற்றம்தான். இப்போதும் பேச ஆள் தேவைப்படும் பிள்ளைகளுக்கு 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் உண்டு. இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்று பதின்பருவப் பிள்ளைகளுக்குப் பெற்றோராக இருப்பவர்களில் பலர் 1997இல் ‘காதலுக்கு மரியாதை’ வந்தபோது தாங்களே அந்த வயதில் இருந்தவர்கள். வீட்டுக்குத் தெரியாமல் தியேட்டருக்குப் போனவர்களும், டைரியைத் துணி அடுக்குக்கு நடுவே ஒளித்தவர்களும் அவர்களில் உண்டு. அதையெல்லாம் அவர்கள் மறந்துவிடவில்லை. நன்றாக ஞாபகம் இருப்பதால்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் பயமாகவே பிள்ளையிடம் சொல்லலாம், “ஒன்பதரை ஆச்சு, பயந்துட்டேன்லே” என்று. மூன்றே சொல். ஆனால் சொல்ல நேரம் வேண்டும், சத்தமும் கொஞ்சம் அடங்க வேண்டும்.

தறி ஓடும் வீட்டில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. இந்த வீடுகளில் வளரும் பிள்ளைகள் சின்ன வயதிலேயே சைகையில் பேசவும், முக்கியமானதை மட்டும் கத்திச் சொல்லவும் கற்றுக்கொள்கிறார்கள். மீதியைச் சொல்லாமல் விடவும் கற்றுக்கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்துகிறது. தறிகள் ஒவ்வொன்றாக நின்று தெரு அமைதியாகிவிடும். அது சனிக்கிழமையில் விழுந்தால் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். வியர்வைக்குக் காற்று வேண்டி அப்பா திண்ணைக்கு வந்து உட்காருவார். உள்ளே புழுக்கம் தாங்காமல் மகனும் வந்து தூணில் சாய்வான். முதல் பத்து நிமிடம் இருவரும் ரோட்டைத்தான் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் எதையாவது கேட்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு கரண்ட் வந்துவிடும்.